கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு பட்டியல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மாமா, பெரியவள், பாப்பா நால்வரும் சுகம். உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ ஒன்றை எழுதாமல் விட்டால் அது சரியில்லை என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயா, நீங்களாவது அவனுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் கம்பெனி. இன்னும் கட்டி முடிக்காத வீட்டை, ஆள் குடியேறி நாலு நாள் ஆனது போலக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தரவேண்டும். சோபா, திரைச்சீலை, ஜன்னல் வெயில் எல்லாம். நம் கம்ப்யூட்டர் கடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டியாகக் கற்றுக்கொண்டது கடைசியில் சோறு போடப் போகிறது. ஆனால் வீட்டில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒரு படத்தை ரெண்டர் செய்ய, அதாவது வரைந்து முடிக்க, ஒரு முழுப் பகல் எடுக்கிறது. "நல்ல மெஷினா ஒண்ணு வெச்சுக்கங்க, ஜூன்லேர்ந்து உங்களை நிரந்தரமா எடுத்துக்கறேன்" என்று மேடம் சொல்லிவிட்டார்.

நீ ஒரு பட்டியல் போட்டுக் கொடு. இது காதில் விழுந்ததும் உன் மாமா, "அதுல கேமும் ஓடணும்" என்று வந்து நின்றார். தெருமுனையில் வண்டியைத் திருப்பத் தெரியாத மனிதர் திரையில் பதினாறு சக்கர லாரி ஓட்டுகிறார். அவருக்கும் சேர்த்தே போடு. எனக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற கண்ணாடிப் பெட்டிதான் வேண்டும். அழகாக இருக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்று பத்து நாள் ஆகிறது. அதிகாரி உன் வரியைப் படித்துச் சிரித்தார் என்று கேள்வி. பாப்பா நடக்கிறாளா, இன்னும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதானா?

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய். ஒரு வருடம் கழித்து ஒருவர் என்னிடம் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்கிறார். இங்கே என்னைப் புத்தகம் பைண்டிங் செய்யும் அறையில் போட்டிருக்கிறார்கள். என் மேல் இருக்கும் வழக்குக்கு மின்சாரத்தின் பக்கமே விடமாட்டார்களாம். பசைக் கிண்ணமும் ஊசியும்தான். ஸ்விட்சைத் தொட்டால்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பட்டியல் போடுவதற்கு முன் சில கேள்வி. ரெண்டர் செய்வது எது, பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? சாப்ட்வேர் அமைப்பில் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு படத்தில் எத்தனை பொருள்கள் வைப்பாய்? செடி கொடி நிறைய வருமா? ஓர் இலைக்கு எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாது. மாமா ஓட்டும் லாரி என்ன திரையில் ஓடுகிறது? கண்ணாடிப் பெட்டி வேண்டாம் அக்கா. காற்று போகாது.

இன்னொன்று. முன்கூட்டியே விடுவதற்கான குழு ஜூன் கடைசியில் மறுபடி கூடுகிறது. போன முறை போலவே இந்த முறையும், செய்த தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தால்தான் பெயரை அனுப்புவார்களாம். அந்த வயரை நான் மாட்டவில்லை. ஒவ்வொரு நாளும் மனசுக்குள் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து மாட்டிப் பார்க்கிறேன். நான் மாட்டவில்லை. மாட்டாததை மாட்டினேன் என்று எப்படி எழுதுவது? இன்னும் இரண்டு வருடம் ஆனாலும் இருந்துவிட்டு வருகிறேன்.

பெரியவளுக்கு என் முத்தம்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பாப்பா நடக்கவில்லை, ஓடுகிறாள். நடுவில் நடப்பது என்ற ஒன்றை விட்டுவிட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். ரெண்டர் செய்வது கிராபிக்ஸ் கார்டுதான். செடி கொடி ஏராளம். மேடத்துக்கு ஜன்னலுக்கு வெளியே தோட்டம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. உன் மாமாவின் லாரி சாதாரணத் திரையில்தான் ஓடுகிறது, ஓடுகிறது என்று சொல்வதே அதிகம். கண்ணாடிப் பெட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி என்று வருகிறதாமே, அதைப் போடு. நாம் கடையில் செய்தது மொத்தம் மூன்றே கண்ணாடிப் பெட்டி. மூன்றையும் பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். வயரை ஒளித்துக் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

நீ எழுதியிருந்ததைப் படித்து மனசே சரியில்லை. கோர்ட்டுக்கு நான் ஒரு நாள்கூட வரமுடியவில்லை. பாப்பா வயிற்றில், படுக்கையை விட்டு எழுந்திருக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஏதோ வயர் கோளாறும்மா" என்றார் வக்கீல். மட்டமான வயரைச் செய்து விற்றவனை விட்டுவிட்டு வாங்கி மாட்டினவனைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம்மிடம் கம்ப்யூட்டர் வாங்கிய அந்தக் கார்ட்டூன்காரர் முகம் எனக்கு மறக்கவில்லை. அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைப் படம் வரைய ஓட விட்டுவிட்டு, மருந்துக் கடைக்குப் போன நேரத்தில் வீடு முழுக்கப் புகை. அவருடைய அம்மாவுக்காக நானும் அழுதேன். ஆனால் நீ செய்யாததைச் செய்ததாக எழுதாதே. எழுதினால் நான் உன் அக்கா இல்லை.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வழக்கைப் பற்றி இதில் அதிகம் எழுத வேண்டாம். நாலு கண் படிக்கிற கடிதம். அது மட்டமான வயர் விவகாரம் இல்லை; வந்து நேரில் சொல்கிறேன்.

பட்டியலைப் பிடி. பெரும் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். அதில் நினைவகம் பதினாறு ஜி.பி.க்குக் குறையக் கூடாது. மேடத்தின் தோட்டம் மொத்தமும் அங்கேதான் முளைக்கப் போகிறது. மாமாவுக்கும் அதுவே தாராளம். பிராசசர் நடுத்தரம் போதும், பன்னிரண்டு கோர். கடைக்காரன் அதற்கு மேல் உயர்ந்ததைக் காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடு. ராம் அறுபத்து நாலு, இரண்டு குச்சியாக. நாலு குச்சியாக வாங்காதே, பிறகு கூட்ட இடம் இருக்காது. மதர்போர்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்காதே, எஸ்.எஸ்.டி.க்கு மூன்று இடம் இருக்கிறதா என்று பார். எஸ்.எஸ்.டி. இரண்டு, ஒன்று சாப்ட்வேருக்கு, ஒன்று வேலைக்கு. வேலை இருக்கும் டிஸ்க்கில் மாமா லாரியை நிறுத்தக் கூடாது. கூலர் காற்றிலேயே ஓடுவது போதும், தண்ணீர் வேண்டாம். கேபினெட் நீ சொன்னதே, முன்னால் வலை. ஜெயித்துவிட்டாய்.

இதை எழுதிய இரண்டு நாளும் நான் உள்ளே இருப்பதே மறந்துபோனது. பசைக் கிண்ணத்தில் பேனாவை முக்கிவிட்டேன்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். பட்டியலை எடுத்துக்கொண்டு மொட்டையின் கடைக்குப் போனேன். நம் எதிர்க்கடையில் இருந்தபோது உன்னைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தவன், இப்போது "அண்ணன் எப்படி இருக்காரு" என்று முதலில் அதைத்தான் கேட்டான். பட்டியலை இரண்டு முறை படித்தான். "பிரமாதமான லிஸ்ட்டுக்கா. ஆனா பவர் சப்ளை எங்கே?" என்றான். எனக்கே அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை எழுத மறக்கிற ஆளா நீ? மறக்கவில்லை, அந்தப் பெயரைக் கையால் எழுதப் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. கோர்ட்டில் நாள் முழுக்க அதைத்தானே சொல்லியிருப்பார்கள்.

அதற்காக நீ கஷ்டப்பட வேண்டாம். கடையை மூடியபோது மிச்சமான பொருள்களில் பிரிக்காத பவர் சப்ளை ஒன்று பரணில் இருக்கிறது. நல்ல கம்பெனி. அதையே போட்டுவிடுகிறேன். அதில் வருகிற வயர் இந்தப் பெரிய கேபினெட்டுக்குக் குட்டைதான், கண்ணாடிக்கு முன்னால் அசிங்கமாகத் தொங்கும். பரவாயில்லை, பச்சைப் பை முழுக்கப் பழைய வயர்கள் இருக்கின்றனவே. கண்ணாடிப் பெட்டி என்றால் கடையிலும் நான் அப்படித்தான் செய்வேன். நீ மாட்டி முடித்துவிட்டுப் போனதும் குட்டை வயரைக் கழற்றிவிட்டு, பச்சைப் பையிலிருந்து நீளமானதை எடுத்து, பின்தகட்டுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுபோய் மாட்டிவிடுவேன். நீ ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

எது நல்ல நீளம் என்று மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 31

தம்பிக்கு,

மூன்று வாரம் தாண்டிவிட்டது, பதில் இல்லை. மறுபடி இருமலா? பொருள்கள் எல்லாம் வந்து கூடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது. பாப்பா கிராபிக்ஸ் கார்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். நீ சொல்லாமல் நான் எதையும் மாட்டவில்லை. இரண்டு வரியாவது போடு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பைண்டிங் வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை.

பச்சைப் பையை அப்படியே தூக்கிக் குப்பையில் போடு. அது நாலு வருடப் பழசு, பிளாஸ்டிக் இறுகியிருக்கும், எலி கடித்திருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. பரணில் இருப்பதும் வேண்டாம். எண்ணூற்றைம்பது வாட் புதிதாக ஒன்று வாங்கு. அந்தப் பெட்டிக்குள் வரும் வயரை மட்டும் மாட்டு. தொங்கினால் தொங்கட்டும். இதைப் பற்றி மொட்டையிடம் பேச்சுக் கொடுக்காதே, அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு நல்ல செய்தி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்தனை நாள் வீம்பு பிடித்தது தப்பு. நிதானமாக யோசித்துப் பார்த்ததில் எனக்கு நினைவு வந்துவிட்டது. நான்தான் மாட்டினேன். ஆகஸ்டில் வெளியே வந்துவிடலாம் என்கிறார்கள்.

நீ சந்தோஷமாக இருக்க வேண்டும்.

தம்பி


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதமாகிறது, உன் கையெழுத்தைக் காணோம். மெஷினை மாட்டினாயா? வேலை உறுதியாயிற்றா? பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது?

ஒப்புக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதாதாம். எப்படிச் செய்தேன் என்று விவரமாக வேண்டும் என்றார்கள். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் இருந்தேன், கைக்கு அகப்பட்ட வயரை எடுத்தேன், எந்தக் கம்பெனி என்று பார்க்கவில்லை, மாட்டிய பிறகு சோதிக்கவும் இல்லை, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று எழுதியிருக்கிறேன். அதிகாரி படித்துவிட்டு முதுகில் தட்டினார். அந்தக் கார்ட்டூன்காரருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் எழுதிவிட்டாராம். எல்லாம் நல்லபடியாக முடிகிறது அக்கா. நீ எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பதில் போடு.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

பிள்ளைகள் நலம். மெஷின் ஓடுகிறது. ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம். மேடம் வேலையை உறுதி செய்துவிட்டார். இவ்வளவுதான் நல்ல செய்தி.

மொட்டையிடம் பேசாதே என்று நீ எழுதியதால்தான் பேசினேன். புது பவர் சப்ளை வாங்கப் போனபோது, "வயர் குட்டையா இருந்தா வேற கம்பெனி வயரை மாட்டலாமா" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டான். "வேணாங்க்கா. முனை அச்சா பொருந்தும், அதுதான் வினையே. உள்ளே கம்பியோட வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆறு கம்பி சுமக்க வேண்டியதை ரெண்டே கம்பி சுமக்கும். மெயில் பார்க்கிறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. நாள் முழுக்க ரெண்டர் ஓட விட்டா உருகிப் பத்திக்கும்" என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அண்ணன் கேஸே அதுதானேக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து உன் ஏப்ரல் கடிதத்தை எடுத்தேன். எலி கடித்திருக்கும், வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ பொய் சொல்லவே லாயக்கில்லாதவன்.

அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்துப் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தாய். கார்ட்டூன்காரர் ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நீ மாட்டி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போனாய். கண்ணாடிக்கு நடுவே கிராபிக்ஸ் கார்டு வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பச்சைப் பையைத் திறந்தேன். கால் மணி நேர வேலை. அவர் வந்து பார்த்துவிட்டு, "வயரே இல்லாத மாதிரி இருக்குதே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு அம்மாவை மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

உன் மாமாவிடம் சொன்னேன். "அவனே ஆகஸ்ட்ல வந்துடறான். பாப்பா இன்னும் பால்குடி மறக்கலை. இப்ப போய்ச் சொன்னா யாருக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றார். நானும் அதையே நினைத்தேன். ஒளிக்க மாட்டேன், மூன்று வாரம் அப்படித்தான் இருந்தேன். நீ வந்ததும் நன்றாகச் சமைத்துப் போடலாம், உனக்கு ஒரு கடை வைத்துக் கொடுக்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அப்போது உன் மே மாதக் கடிதம் வந்தது. சோதித்துப் பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது என்று எழுதியிருந்தாய். ஒரு திருகாணியை மூன்று தடவை திருகிப் பார்க்கிறவன் நீ. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி ஐயா, இதை நீங்கள் முதலில் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். முந்தாநாள் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். பச்சைப் பையையும், மற்ற இரண்டு கண்ணாடிப் பெட்டி வாங்கினவர்களின் விலாசத்தையும் ஒப்படைத்தேன். நேற்று கார்ட்டூன்காரர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சொன்னேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. "இதுக்கு மேல எனக்கு யாரும் எதுவும் எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். உன் ஆகஸ்ட் நின்றுவிடுமாம். உன்னையும் விசாரிப்பார்களாம், ஏன் பொய்யாக ஒப்புக்கொண்டாய் என்று. நீ மறுபடியும் நான்தான் என்று சாதித்தால் என் பேச்சு எடுபடாது, நான் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றும் சொன்னார். உன் இஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால் நடந்ததைச் சொல். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பாப்பாவை இப்போதெல்லாம் இடுப்பைவிட்டு இறக்குவதில்லை. இருந்தாலும் சொல்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பாவுக்கும் பெரியவளுக்கும் காய்ச்சல் எதுவும் இல்லையே?

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாவற்றையும் கட்டி முடித்துவைத்திருந்தேன், நீ வந்து உடைத்துவிட்டாய் என்று இரண்டு நாள் மனசுக்குள் உன்னைத் திட்டினேன். மார்ச்சில் நீ அளவு கேட்டு எழுதிய கடிதம் வந்தபோதும் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் மனசுக்குள் பெட்டியைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேனே, அத்தனை நாளும் நீ வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. அது தணிய மூன்று வாரமானது. பிறகுதான் உட்கார்ந்து அந்தப் பொய்யை எழுதினேன். பைண்டிங் வேலை அதிகம் என்றதும் பொய்.

நேற்று விசாரிக்க வந்தார்கள். என்ன சொல்வது என்று ஒரு வாரம் பாடம் செய்து வைத்திருந்தேன். அக்கா என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள், அவளுக்கு வயர் மாட்டவே தெரியாது, கணக்கு எழுதத்தான் கடைக்கு வருவாள். இதைத் தடுமாறாமல் சொல்கிற அளவுக்குத் தயாராக இருந்தேன். வந்தவர் சின்ன வயசு. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, வேறு எதுவும் கேட்காமல், "அந்த வயரை மாட்டினது நீங்களா?" என்றார்.

"இல்லைங்க, நான் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. நான் எந்த வயரை மாட்டினேன், எத்தனை மணி நேரம் ஓட்டிச் சோதித்தேன், சீட்டில் என்ன எழுதி ஒட்டினேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். நீ மாட்டியிருப்பாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பாப்பா நினைவு வரவில்லை என்று நினைக்காதே. கையெழுத்துப் போடும்போதே வந்தது. மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. அந்த வார்த்தை எழுத வரவில்லை. ஏனென்றால் நான் இல்லை என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. நீ உள்ளே வரப்போகிறாய் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் இதை மறைக்க முடியவில்லை.

தம்பி